வரைபலகையில் சரி, திரையில் கோளாறு: ஓர் ஐகான் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

ஆவணங்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் செயலி அது. இணையதளம், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என மூன்று இடங்களில் ஓடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஐகான்கள், பல ஆண்டுகளில் பல கைகள் வரைந்து சேர்த்தவை. செயலியின் குழு என்னிடம் கொண்டுவந்த புகார்கள் நான்கு. சாதாரண மானிட்டரில் ஐகான்கள் மங்கலாகத் தெரிகின்றன. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் குப்பைத்தொட்டி ஐகான் உள்ளே இடைவெளியே இல்லாமல் கருங்கட்டியாக நிற்கிறது. டார்க் மோடில் சில ஐகான்கள் காணாமல் போகின்றன. வடிகட்டி ஐகான் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பாதி வெட்டுப்பட்டு வருகிறது. மற்ற பக்கங்களில் அதே ஐகான் முழுசாக இருக்கிறது.

எல்லாவற்றையும் புதிதாக வரைந்து தரச் சொன்னார்கள். உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றவில்லை. வரைகலை மென்பொருளில் திறந்து பார்த்தால் இந்த நான்கில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அங்கே சரியாக இருப்பது திரைக்கு வந்ததும் கெடுகிறது என்றால், கெடுவது வழியில் எங்கோ. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிதாக வரைந்தால், புது ஐகானும் அதே வழியில் போய் அதே பள்ளத்தில்தான் விழும். ஆகவே முதலில் கோப்புகளை ஆராய்வது, அப்புறம் தேவையானதை மட்டும் வரைவது என்று முடிவானது.

கோப்புக்குள் இருந்தவை

ஐகான்கள் இருந்த எஸ்விஜி என்ற கோப்பு வகை, பார்க்கப் படமாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் எழுத்துதான். இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2001-இல் தரநிலையாக அறிவித்தது முதல் இன்றுவரை அது எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு எழுத்து வடிவில்தான் இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போகிறது, என்ன நிறம், என்ன தடிமன் என்று எல்லாம் வாசிக்கக் கிடைக்கும். ஐகான் வரைபவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை. அது டெவலப்பரின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். டெவலப்பரோ, டிசைனர் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே ஒட்டிவிடுகிறார். கோளாறுகள் குடியேறுவது இந்த இடைவெளியில்தான்.

வாசித்துப் பார்த்ததில் கிடைத்தவை பலவிதம். சில கோப்புகள் 24 அலகுச் சதுரத்தில் இருந்தன, சில 32-இல், சிலவற்றின் அகலம் முழு எண்ணாகவே இல்லை. சிலவற்றில், படத்தின் உள்அளவைச் சொல்லும் வியூபாக்ஸ் என்ற பண்பையே காணோம். அது இல்லாவிட்டால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலத்தைக் குறைக்கும்போது உள்ளே இருக்கும் படம் சுருங்காது; விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும். வேறு சிலவற்றில் வரைந்த மென்பொருள் தனக்காக எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள், படத்தைவிடப் பல மடங்கு நீளமாகக் கிடந்தன.

ஒரு கோப்பு மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கனமாக இருந்தது. திறந்தால் உள்ளே கோடும் இல்லை, வளைவும் இல்லை. பிக்சல்களால் ஆன ஒரு பிஎன்ஜி படத்தை எழுத்துகளாக மாற்றி, எஸ்விஜி உறைக்குள் செருகியிருந்தார்கள். பெயர் வெக்டர் (கோடுகளின் கணக்காக வைத்த படம்), பெரிதாக்கினால் பிக்சல் பிக்சலாகப் பிரியும். இப்படிப்பட்டதைப் பிடிப்பது சுலபம்: எல்லாக் கோப்புகளையும் அளவு வாரியாக அடுக்கி மேலே நிற்பவற்றைப் பார்த்தால் போதும்.

மங்கலின் கணக்கு

வெக்டர் என்றால் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கணக்கில் அது கூர்மைதான். கடைசியில் திரையில் விழுவதோ பிக்சல்களாக. 1984-இல் வெளிவந்த மேக்கின்டாஷுக்காக சூசன் கேர் 32-க்கு 32 கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து ஐகான் வரைந்தார். எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்பதை அவரே தீர்மானித்தார். இன்று அந்தத் தீர்மானத்தை உலாவி எடுக்கிறது. கோட்டின் விளிம்பு பிக்சலின் நடுவே விழுந்தால், அந்தப் பிக்சலை அரைச் சாம்பலாக நிரப்பிவிடுகிறது. நம் கண்ணுக்கு அதுதான் மங்கல்.

எஸ்விஜியில் ஸ்ட்ரோக், அதாவது பாதைமேல் இழுக்கும் கோடு, பாதையின் இரு பக்கமும் சரிபாதியாகப் பரவும். 24 அலகு ஐகானை 24 பிக்சலில் காட்டினால் ஓர் அலகு ஒரு பிக்சல். 2 அலகுத் தடிமனுள்ள செங்குத்துக் கோட்டை 12-ஆம் இடத்தில் வைத்தால் 11 முதல் 13 வரை நிரம்பும். இரண்டு விளிம்பும் முழு எண், எனவே கூர்மை. அதே இடத்தில் 1 அலகுத் தடிமன் வைத்தால் 11.5 முதல் 12.5 வரை, இரண்டு பிக்சலும் அரைகுறை. 1 அலகுக் கோடு வேண்டுமென்றால் அதை 11.5 அல்லது 12.5-இல் வைக்க வேண்டும், அப்போது ஐகான் நடுவிலிருந்து விலகிவிடும். இரட்டைப்படைக் கட்டமும் இரட்டைப்படைத் தடிமனும் சேர்ந்தால் இந்தச் சிக்கலே வராது. 24 அலகுக் கட்டத்தோடு 2 அலகுக் கோடு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

நம் கோப்புகளில் ஒரு கோடு 11.37-இல், இன்னொன்று 4.82-இல். 32 அலகில் வரைந்ததைக் கையால் இழுத்துச் சுருக்கியதன் தடயம் அது. இழுக்கும்போது தடிமனும் சேர்ந்து சுருங்கி 1.5 ஆகியிருந்தது. ஓர் அலகுக்கு இரண்டு பிக்சல் வரும் இரண்டு மடங்கு அடர்த்தித் திரையில் 1.5 என்பது 3 பிக்சல் என்பதால், இடமும் அதற்குப் பொருந்தினால் தப்பித்துவிடும். ஒற்றை அடர்த்தி மானிட்டரில் 1.5 தப்பிக்க வழியில்லை. புகார் சாதாரண மானிட்டரிலிருந்து மட்டும் வந்தது இதனால்தான். வரைந்தவர்களின் கணினிகளில் எல்லாம் உயர் அடர்த்தித் திரை. யார் கண்ணிலும் படவில்லை.

ஆக, புதிய விதி: 24 அலகுச் சதுரம், சுற்றிலும் 2 அலகு ஓரம், நடுவில் 20 அலகு வரையும் இடம், தடிமன் 2. கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியில் உள்ள அடிப்படை வடிவங்களை அப்படியே எடுத்துக்கொண்டோம்: சதுரம் என்றால் 18, வட்டம் என்றால் விட்டம் 20, நிமிர்ந்த செவ்வகம் என்றால் 16-க்கு 20. எல்லாமே 20 என்று வைத்தால் சதுரம் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரியும், மூலைகள் கூடுதல் இடத்தை நிரப்புவதால்.

சில ஐகான்கள் 16 பிக்சலிலும் வர வேண்டியிருந்தது. 24-இல் வரைந்ததை 16-க்குச் சுருக்கினால் 2 அலகுக் கோடு 1.33 ஆகும், மங்கலும் திரும்பி வந்துவிடும். அம்புக்குறி, மூடு, டிக் போன்ற அந்தச் சிலவற்றை மட்டும் 16 அலகுக் கட்டத்தில் தனியாக வரைந்தோம். ஒரே ஓவியம் எல்லா அளவுக்கும் போதும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஆர்வத்தில் 'நடுவில் சீரமை' பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. வீடியோவை இயக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். இடப்பக்க விளிம்பு 8-இல், கூர்முனை 19-இல். இரண்டுக்கும் நடு 13.5, மென்பொருளின் கணக்கில் இது 1.5 அலகு வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஆனால் முக்கோணத்தின் எடை மையம் மூன்று முனைகளின் சராசரி: 8, 8, 19 கூட்டி மூன்றால் வகுத்தால் 11.67. கட்டத்தின் நடுவான 12-ஐ ஏறக்குறைய ஒட்டியே இருக்கிறது. கண் நம்புவது எடை மையத்தை. பழைய தொகுப்பில் இந்த முக்கோணத்தை யாரோ மென்பொருள் சொன்னபடி 'சரி' செய்து, பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம் சாய்ந்ததுபோல ஆக்கியிருந்தார்கள்.

கருங்கட்டியான குப்பைத்தொட்டி

நான்கில் இதுதான் என் மனதுக்குப் பிடித்த கோளாறு. இதற்கு எளிய மருந்து இருக்கிறது, ஆனால் காரணம் தெரியாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வரையும்போது குப்பைத்தொட்டி என்பது ஸ்ட்ரோக்கால் ஆன சில கோடுகள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் அந்த ஸ்ட்ரோக்கை வடிவமாக மாற்றுகிறோம். இப்போது தொட்டியின் சுவர் ஒரு நிரப்பிய உருவம்: வெளிப்பக்கம் ஓர் எல்லை, உட்பக்கம் ஓர் எல்லை, இரண்டுக்கும் நடுவே நிறம். உள்ளே இருப்பது ஓட்டை. அது ஓட்டை என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

அதற்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு புள்ளியில் நின்று ஒரே திசையில் வெளியே நடப்பதாக வைத்துக்கொள்வோம், வழியில் வேலிகளைத் தாண்டுகிறோம். ஒற்றை-இரட்டை விதி, தாண்டிய வேலிகளை எண்ணுகிறது: ஒற்றைப்படை என்றால் உள்ளே, நிறம் பூசு, இரட்டைப்படை என்றால் ஓட்டை. இன்னொன்று நான்சீரோ விதி. அது வேலி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கிறது: இடமிருந்து வலம் போனால் ஒன்று கூட்டு, வலமிருந்து இடம் போனால் ஒன்று கழி. மிச்சம் பூஜ்யம் என்றால்தான் ஓட்டை. வெளி எல்லையும் உள் எல்லையும் ஒரே திசையில் ஓடினால் கணக்கு 2 வரும், பூஜ்யம் இல்லை, நிறம் பூசிவிடு.

வரைகலை மென்பொருள் இந்தக் கோப்பை ஒற்றை-இரட்டை விதிப்படி எழுதியிருந்தது. எல்லைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை அது பொருட்படுத்தவில்லை. உலாவிகளுக்கு அந்த விதி தெரியும். ஆண்ட்ராய்டின் சொந்த ஐகான் வடிவமான வெக்டர் டிராயபிள் அதன் 5.0 பதிப்பில் வந்தது; நிரப்பு விதியைக் குறிப்பிடும் பண்போ 7.0-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பு அந்தக் குறிப்பைத் தாண்டிவிட்டு நான்சீரோ விதிப்படியே நிரப்பும். தொட்டி கட்டியாகிவிடும்.

தீர்வு: உள் எல்லையின் திசையைத் திருப்பிவிடுவது. பாதையைத் தலைகீழாக்கும் வசதி இல்லஸ்ட்ரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் உண்டு. திருப்பிய பிறகு எந்த விதிப்படி எண்ணினாலும் ஓட்டை ஓட்டைதான். ஐகான் எழுத்துரு தயாரிப்பவர்களுக்கும் இது உதவும். எழுத்துருக்கள் நிரப்பப்படுவதும் நான்சீரோ விதிப்படிதான்.

ஸ்ட்ரோக்கை வடிவமாக மாற்றாமலே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபெதர், லூசிட் போன்ற திறமூலத் தொகுப்புகள் 24 அலகுக் கட்டத்தில் உயிருள்ள 2 அலகு ஸ்ட்ரோக்காகவே ஐகான்களைத் தருகின்றன. தடிமனை சிஎஸ்எஸ்ஸிலேயே மாற்றலாம், கோப்பும் சிறியது. இணையத்துக்கு மட்டும் என்றால் நானும் அதையே தேர்ந்தெடுத்திருப்பேன். இங்கே மூன்று தளங்களுக்கு ஒரே மூலம் வேண்டும். பாதையின் உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ ஒட்டிய ஸ்ட்ரோக் என்பது எஸ்விஜியில் கிடையாது என்பதால், அப்படி வரைந்தவற்றை ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி மொழிபெயர்க்கிறது. ஆகவே ஸ்ட்ரோக்கோடு கூடிய மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்தி, வெளியே போவதை மட்டும் வடிவமாக்கினோம். வடிவமாக்கியதும் மூலத்தைத் தூக்கிப்போட்டவர்கள், ஆறு மாதம் கழித்துத் தடிமனைச் சற்றுக் குறைக்கச் சொல்லும்போது வருந்துவார்கள்.

வடிவமாக்கும்போது வேண்டாத முனைப்புள்ளிகள் முளைக்கும். வட்டத்துக்கு நான்கு பெசியே வளைவுகள் (முனையில் உள்ள கைப்பிடிகளால் வளைப்பவை) போதும். கைப்பிடியின் நீளம் ஆரத்தில் ஏறக்குறைய 0.5523 பங்கு. நம் தொகுப்பில் ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றி இதைவிடப் பல மடங்கு புள்ளிகள் மொய்த்திருந்தன. அவற்றை அழித்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்த துண்டுகளை இணைத்து ஒரே பாதையாக்கினோம்.

நிறம்

டார்க் மோடு புகாருக்கு இரண்டு காரணங்கள். எஸ்விஜியில் நிறம் குறிப்பிடாவிட்டால் தானாகவே கறுப்பு. குறிப்பிட்டிருந்த கோப்புகளிலும் கறுப்புதான். கறுப்புப் பின்னணியில் கறுப்பு ஐகான்; காணாமல் போகாமல் என்ன செய்யும்? இணையத்துக்கான கோப்புகளில் நிறத்தை எடுத்துவிட்டு கரண்ட்கலர் என்று வைத்தோம். பக்கத்தில் இருக்கும் எழுத்தின் நிறத்தை ஐகானும் வாங்கிக்கொள்ளும். இது பலிக்க ஐகான் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும், அல்லது எல்லா ஐகான்களையும் அடக்கிய ஒரே கோப்பான ஸ்பிரைட்டிலிருந்து யூஸ் குறியால் அழைக்கப்பட வேண்டும். சாதாரணப் படக் குறியில் வைத்தால் பக்கத்தின் சிஎஸ்எஸ் உள்ளே நுழையாது. ஆண்ட்ராய்டில் டின்ட், ஐஓஎஸ்ஸில் டெம்ப்ளேட் முறை இதே வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வேடிக்கை. மணி ஐகானின் மூலையில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி இடைவெளி தெரிய, ஒரு வெள்ளை வட்டத்தை மணியின் மேல் வைத்து மறைத்திருந்தார்கள். வெள்ளைப் பின்னணியில் அது இடைவெளி, கறுப்பில் வெள்ளை வளையம். மறைப்பதற்கு வேறு நிறம் பூசக் கூடாது. கழித்தல் செயலால் உண்மையிலேயே வெட்டி எடுக்க வேண்டும்.

பாதி வடிகட்டி

குழுவை அதிகம் குழப்பியது இதுதான். ஒரு பக்கத்தில் மட்டும் ஐகான் வெட்டுப்படுகிறது என்றால் ஐகானில் குற்றமில்லை என்று தோன்றும். அந்தப் பக்கத்தில் வடிகட்டிக்கு முன்னால் வேறொரு ஐகான் வருகிறது. இரண்டு கோப்பிலும் ஒரு வெட்டுப்பாதை (எந்த எல்லைக்குள் மட்டும் படம் தெரியலாம் என்று சொல்வது), இரண்டின் அடையாளப் பெயரும் ஒரே ஒற்றை எழுத்து. கோப்பைச் சுருக்கும் கருவி, நீளமான அடையாளப் பெயர்களைக் குறுக்கி ஒவ்வொரு கோப்பிலும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறது. தனித்தனிக் கோப்பாக இருக்கும்வரை பாதகமில்லை. ஒரே பக்கத்தில் இரண்டையும் ஒட்டியதும் உலாவி முதலில் கண்ட வெட்டுப்பாதையை எடுத்துக்கொள்கிறது. முதல் ஐகானின் சிறிய எல்லையால் வடிகட்டி வெட்டப்பட்டது.

அந்த வெட்டுப்பாதையே தேவையில்லாதது. வரைகலை மென்பொருளான ஃபிக்மாவில் ஃப்ரேமின் உள்ளடக்கத்தை வெட்டும் தேர்வு இயங்கியபடி இருந்ததால் வந்து ஒட்டிக்கொண்டது. அதை அணைத்து எக்ஸ்போர்ட் செய்ததும் பிரச்சினை வேரோடு போனது. அடையாளப் பெயர் தவிர்க்க முடியாத ஓரிரு ஐகான்களுக்கு, கோப்பின் பெயரையே முன்னொட்டாகச் சேர்க்கும்படி கருவியை அமைத்தோம்.

வியூபாக்ஸ் காணாமல் போன மர்மமும் இதே கருவியில்தான் இருந்தது. அந்தக் கருவியான எஸ்விஜிஓவின் 3-ஆம் பதிப்புவரை, அகல உயரத்தோடு பொருந்தும் வியூபாக்ஸை நீக்குவது இயல்பு அமைப்பு. 4-இல்தான் அப்படி நீக்குவதை நிறுத்தினார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்த ஓர் அமைப்பை அணைத்தே ஆக வேண்டும். தசம இலக்கங்களைக் குறைப்பதில் பயப்பட வேண்டியதில்லை: 24 அலகுக் கட்டத்தில் இரண்டு இலக்கம் வைத்தால் பிழை அதிகபட்சம் 0.005 அலகு, நான்கு மடங்கு அடர்த்தியில்கூட 0.02 பிக்சல். இலக்கமே வேண்டாம் என்று முழு எண்ணாக்கினால்தான் வளைவுகள் நெளியும்.

எங்கே எது போகிறது

இணையத்துக்கு ஒரே ஸ்பிரைட். ஆண்ட்ராய்டுக்கு வெக்டர் டிராயபிள். ஐஓஎஸ்ஸுக்கு எஸ்விஜியையே கொடுத்தோம். 2020-இல் வந்த, ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடு 12 முதல் அது ஏற்கப்படுகிறது. முன்பு இருந்த ஐகான் எழுத்துருவைக் கைவிட்டோம். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குறியெண் கொடுத்து ஐகானை எழுத்தாக வேடமிட வைக்கும் முறை அது. படிக்க வசதியாக வேறு எழுத்துருவை அமைத்துக்கொள்ளும் பயனருக்கு ஐகானுக்குப் பதில் வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

பிஎன்ஜி முழுதாக ஒழியவில்லை. பல மின்னஞ்சல் செயலிகள் எஸ்விஜியைக் காட்டுவதில்லை என்பதால் அறிவிப்பு மின்னஞ்சல்களுக்கு இரண்டு மடங்கு அளவில் பிஎன்ஜி எடுத்தோம். செயலியின் முகப்பு ஐகானுக்குத் தனிச் சட்டம்: ஐஓஎஸ்ஸுக்கு 1024 பிக்சல் சதுரம், ஒளிபுகும் பகுதி இல்லாமல், மூலையை நாமே வளைக்காமல். ஆண்ட்ராய்டின் தகவமைப்பு ஐகானுக்கு 108 டிபி (ஆண்ட்ராய்டின் அளவு அலகு) பலகை. போன் தயாரிப்பாளர் எந்த வடிவில் வெட்டுவார் என்று தெரியாததால் முக்கியமானதெல்லாம் நடுவில் 66 டிபி வட்டத்துக்குள்.

தொடும் பரப்பையும் ஐகானின் அளவையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொகுப்பிலும் இருந்தது. விரலுக்கு இடம் வேண்டும் என்று சில கோப்புகளுக்கு உள்ளேயே வெற்றிடம் சேர்த்திருந்தார்கள். ஐகான் 24-ஆகவே இருக்கட்டும். தொடும் பரப்பு ஐஓஎஸ்ஸில் 44 புள்ளியோ ஆண்ட்ராய்டில் 48 டிபியோ, அதைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். ஐகான் மட்டுமே உள்ள பொத்தானுக்கு, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கான பெயர் கட்டாயம். பக்கத்திலேயே சொல் இருந்தால் ஐகானை வாசிப்பானிடமிருந்து மறைத்துவிடலாம். பின்னணியோடு நிற வேறுபாடு குறைந்தது 3-க்கு 1 என்பது 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் விதி; வெளிர்சாம்பல் ஐகான்கள் சில இதில் தோற்றன. வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கு 'பின்செல்' அம்பு திரும்ப வேண்டும், கடிகாரமும் இயக்கு முக்கோணமும் திரும்பக் கூடாது.

காவல்

திருத்தியது நிலைக்க வேண்டுமே. புதிதாக ஒருவர் சேர்ந்து ஓர் ஐகான் போட்டால் பழைய கதை மறுபடி தொடங்கும். இருபது பக்க வழிகாட்டி எழுதலாம், யாரும் படிக்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஒரு சிறிய சோதனை நிரல்: வியூபாக்ஸ் 24 அல்லது 16 சதுரமா, உள்ளே படம் செருகியிருக்கிறதா, முன்னொட்டில்லாத அடையாளப் பெயர் இருக்கிறதா, கரண்ட்கலர் தவிர வேறு நிறம் இருக்கிறதா. ஏதேனும் ஒன்றில் தவறினால் கோப்பு உள்ளே வராது. நிரல் பிடிக்க முடியாததைக் கண் பிடிக்க ஒரு பக்கம்: எல்லா ஐகான்களும் 16, 24, 48 அளவுகளில், வெள்ளையிலும் கறுப்பிலும். அதை ஒற்றை அடர்த்தி மானிட்டரில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. அதற்காகவே ஒரு பழைய மானிட்டரை ஒதுக்கினார்கள்.

கடைசியில் புதிதாக வரைய வேண்டியிருந்தது சிறுபகுதிதான்: கட்டத்தைவிட்டு மிகவும் விலகியவை, 16 அளவுக்கானவை, அந்தப் போலி வெக்டர். மற்றவற்றுக்குக் கட்டத்தில் ஒட்டவைத்தலும் சுத்தமான எக்ஸ்போர்ட்டும் போதுமாயிற்று.

ஒன்று மட்டும் தீரவில்லை. கணினித் திரையை 125 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு 24 என்பது 30 பிக்சலாகவும், 2 அலகுக் கோடு 2.5 பிக்சலாகவும் ஆகிறது. லேசான மங்கல் வரத்தான் செய்யும். அந்த ஓர் அளவுக்காக இன்னொரு தொகுப்பு வரைந்து பராமரிக்க ஆகும் உழைப்போடு ஒப்பிட்டால் இழப்பு சிறியது என்று குழுவும் நானும் பேசி அதை அப்படியே விட்டோம். 150-இல் 24 என்பது 36, கோடு 3. விளிம்பு முழுப் பிக்சலில் விழும் கோடுகள் அங்கே மறுபடி கூர்மை.